சிகிச்சை முடிந்து 14 மாதம் ஆகியும் அம்மா ஏன் இன்னும் பழையபடி ஆகவில்லை?

மகள் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். அம்மாவுக்கு வயது 54. இடது மார்பில் புற்றுநோய் வந்து அறுவை சிகிச்சை செய்து, அக்குள் நெறிகளையும் (நிணநீர் முடிச்சுகள்) எடுத்திருக்கிறார்கள். பிறகு எட்டு கீமோ. முதல் நான்கும் அந்தச் சிவப்பு மருந்து, அடுத்த நான்கும் பாக்லிடாக்சல். அதற்குப் பின் கரண்ட் (கதிர்வீச்சுச் சிகிச்சை) வைத்தார்கள். இப்போது தினமும் லெட்ரோசோல் என்ற, ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைக் குறைக்கும் மாத்திரை. எல்லாம் முடிந்து 14 மாதம் ஆகிறது, ரிப்போர்ட் எல்லாமே நார்மல். ஆனாலும் அம்மாவுக்குத் தீராத அசதி, பாதமும் விரல்நுனியும் மரத்துப்போகின்றன, இடது கை கனக்கிறது, மறதி வந்துவிட்டது, செக்கப் தேதி நெருங்கினால் தூக்கம் போய்விடுகிறது. "அதான் சரியாகிவிட்டதே, இன்னும் ஏன் படுத்தே கிடக்கிறாய்?" என்று அப்பா கேட்கிறார். இது சோம்பலா, மனப்பிரமையா, இல்லை நோய் திரும்ப வருகிறதா என்பது மகளின் கேள்வி.

சோம்பலும் இல்லை, பிரமையும் இல்லை. முதலில் இதை அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். நீங்கள் எழுதியிருக்கும் ஐந்து தொந்தரவுகளும் அம்மாவுக்குக் கொடுத்த சிகிச்சையோடு நேராகப் பொருந்துகின்றன. 20 ஆண்டுகளுக்கு மேல் புற்றுநோய் வார்டிலும் கீமோ பிரிவிலும் நர்ஸாக இருந்தவள் நான். இதே ஐந்தையும் இதே வரிசையில் எத்தனையோ அம்மாக்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். பெரும்பாலும் டாக்டர் அறையை விட்டு வெளியே வந்த பிறகு, தாழ்வாரத்தில், மெதுவான குரலில் சொல்வார்கள். உள்ளே ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், "உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தவரிடம் கால் மரத்துப்போகுது என்று எப்படிம்மா சொல்றது?" என்பார்கள். என் பதில் முழுவதும் அந்தத் தயக்கத்துக்காகத்தான். இவற்றைச் சொல்ல வேண்டும், சொன்னால் பலவற்றுக்கு வழி இருக்கிறது.

ரிப்போர்ட்டில் உள்ள "நார்மல்" என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று பார்ப்போம். ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் பதில் சொல்வது ஒரே கேள்விக்கு: இப்போது கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நோய் இருக்கிறதா? கோலமாவு விரலில் இருப்பது அம்மாவுக்குத் தெரிகிறதா என்பதை எந்த ஸ்கேனும் பார்ப்பதில்லை. ஃபிட்ஸ்ஹியூ முல்லன் என்ற அமெரிக்க மருத்துவருக்கு 32 வயதில் நெஞ்சுக்கூட்டில் புற்றுநோய் வந்தது. பிழைத்து எழுந்தவர் 1985-ல் ஒரு கட்டுரை எழுதினார். நீரில் மூழ்குபவர்களைக் காப்பாற்ற அருமையான வித்தைகளைக் கண்டுபிடித்திருக்கிறோம்; ஆனால் கரையேற்றியதும் வேலை முடிந்தது என்று நினைத்து, இருமிக்கொண்டும் மூச்சுத்திணறிக்கொண்டும் கிடக்க அவர்களை அங்கேயே விட்டுவிடுகிறோம் என்று அதில் வருந்தியிருந்தார். உங்கள் அம்மா இப்போது அந்தக் கரையில்தான் இருக்கிறார்.

சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம். முதலில் கால்.

பாக்லிடாக்சல், செல்லுக்குள் இருக்கும் நுண்குழாய்களை இறுக்கிப் பிடித்து, செல் இரண்டாகப் பிரிய விடாமல் தடுக்கும் மருந்து. புற்றுசெல் சாவது அதனால்தான். ஆனால் நரம்பு இழைக்குள் சத்தும் சரக்கும் போய்வருவதும் அதே நுண்குழாய்கள் வழியாகத்தான். முதுகில் இருந்து கால்விரல் வரை போகும் நரம்புகள் உடம்பிலேயே நீளமானவை. பாதை கெட்டுப்போனால் கடைசி ஊருக்குத்தானே முதலில் பஸ் நின்றுபோகும்? அதனால்தான் விரல்நுனியில் தொடங்குகிறது. மரத்துப்போவது, எறும்பு ஊர்வது, பஞ்சின் மேல் நடப்பது போல இருப்பது என்று ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்வார்கள். நிறையப் பேருக்கு மாதக்கணக்கில் மெதுவாகக் குறைகிறது. சிலருக்குக் கொஞ்சம் நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. 14 மாதத்தில் மிச்சம் இருப்பது அபூர்வம் இல்லை.

எரிச்சலும் வலியும் இருந்தால் டுலாக்செடின் என்ற மாத்திரையை டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். கீமோவால் வந்த நரம்பு வலிக்கு ஆய்வுகளில் பலன் காட்டியது அதுதான். வெறும் மரத்துப்போதலுக்கு அது பெரிதாக உதவாது. மெடிக்கல் ஷாப்பில் "நரம்பு மாத்திரை" வாங்கிப் போட்டுக்கொண்டே இருப்பதை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். பி12 குறைவாக இருந்தால் அதை ஈடுகட்ட வேண்டும், சந்தேகமே இல்லை. ஆனால் பி6 அதிக அளவில் மாதக்கணக்கில் உள்ளே போனால் அதுவே நரம்பைக் கெடுக்கும். முள் சீத்தா இலைக் கஷாயமும் அப்படித்தான். புற்றுநோய்க்கு நல்லது என்று சொல்லி வீடு வீடாகக் கொடுக்கிறார்கள். அதில் அனோனாசின் என்ற நரம்பு நச்சு இருக்கிறது. ஏற்கனவே அடிபட்ட நரம்புக்கு இது வேண்டாம். சர்க்கரையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கீமோவோடு கொடுக்கும் ஸ்டீராய்டு சிலருக்குச் சர்க்கரையை ஏற்றிவிடுவது உண்டு, சர்க்கரையும் இதே நரம்புகளைத்தான் தாக்கும்.

மாத்திரையை விட முக்கியம் பாதுகாப்பு. சித்திரை வெயிலில் கோவில் பிரகாரத்தைச் சுற்றிவந்து, உள்ளங்கால் முழுவதும் கொப்புளத்தோடு வந்த ஒரு அம்மாவுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன். சுட்டதே அவருக்குத் தெரியவில்லை. வீட்டுக்குப் போய் கால் கழுவும்போதுதான் பார்த்திருக்கிறார். அதனால் வெயில் நேரத்தில் கோவிலுக்கு வேண்டாம், போனால் கனமான சாக்ஸ் போட்டுக்கொள்ளலாம். பின்பக்கம் வார் வைத்த செருப்பு வாங்கிக் கொடுங்கள். இரவில் பாத்ரூம் போகும் வழியில் சின்ன விளக்கு எரியட்டும். படுக்கும் முன் யாராவது ஒருவர் அவர் உள்ளங்காலைப் பார்த்துவிட வேண்டும்.

அடுத்தது கை. நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் "கை கனம்" என்பதைத்தான் நான் இருப்பதிலேயே அவசரமானதாக நினைக்கிறேன். கையில் ஊறும் நிணநீர் அக்குள் நெறிகள் வழியாகத்தான் வடியும். நெறிகளை எடுத்து, மேலே கரண்டும் வைத்தால் வடிகால் குறைந்துவிடும். அக்குள் நெறிகளை முழுக்க எடுத்த பெண்களில் சுமாராக ஐந்தில் ஒருவருக்குக் கை வீக்கம் வருகிறது. சிலருக்கு அறுவை சிகிச்சை முடிந்து பல வருடம் கழித்துக்கூட வரும். வீக்கம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே கனம் தெரியும். வளையல் இறுக்கும், ஜாக்கெட்டின் ஒரு கை மட்டும் பிடிக்கும், மோதிரம் கழலாது. இந்தக் கட்டத்திலேயே பிடித்துவிட்டால் கட்டுப்படுத்துவது எளிது. கை தடித்துத் தோல் இறுகிப்போன பிறகு வந்தால் பெரும்பாடு.

ஆகவே அடுத்த ரிவ்யூ வரை காத்திருக்க வேண்டாம். இந்த வீக்கத்தைப் பார்த்துப் பழகிய பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் கூட்டிப்போங்கள். நிணநீரை வடிக்கும் மென்மையான நீவுதல், அழுத்தக் கையுறை (கைமேல் இறுக்கமாக மாட்டும் உறை), உடற்பயிற்சி ஆகியவற்றை அவர் சொல்லித் தருவார். அழுத்தக் கையுறையை அளவெடுத்துத்தான் வாங்க வேண்டும். ஆன்லைனில் குத்துமதிப்பாக வாங்கிப் போட்டு, மணிக்கட்டில் இறுக்கி, விரல்கள் மேலும் வீங்கிப்போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். மீன் ஆயும்போது முள் குத்துவது, அரிவாள்மனை கீறுவது, ரோஜா முள் படுவது எல்லாம் அந்தக் கைக்குச் சாதாரணம் இல்லை. சோப்பு போட்டுக் கழுவி மருந்து தடவ வேண்டும். கை சிவந்து சூடாகி, காய்ச்சலும் சேர்ந்துவிட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆண்டிபயாடிக்கைத் தள்ளிப்போடக் கூடாது.

"இனி அந்தக் கையால் எதையும் தூக்காதே" என்று உங்கள் வீட்டிலும் யாராவது சொல்லியிருப்பார்கள். நாங்களே ஒரு காலத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தோம். 2009-ல் அமெரிக்காவில், ஏற்கனவே கை வீங்கியிருந்த 141 பெண்களை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. பாதிப்பேருக்கு வாரம் இரண்டு முறை, படிப்படியாகக் கூடும் எடைப் பயிற்சி. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் வீக்கம் கூடவில்லை. வீக்கம் திடீரென்று மோசமாவதும் அவர்களுக்குக் குறைவாக இருந்தது. அதன் பிறகு எங்கள் அறிவுரை மாறியது. கையைப் பொத்திப் பொத்தி வைத்தால் தசை சுருங்கி, ஒரு நாள் ஒரு குடம் தண்ணீர் தூக்கினாலே வீங்கும். மெதுவாகப் பழக்கினால் கை தாங்கும். எடுத்த எடுப்பில் மாவு மூட்டையைத் தூக்கச் சொல்லவில்லை. அரைக் கிலோவில் தொடங்கி, கற்றுக்கொடுக்க ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு செய்ய வேண்டும்.

அசதிக்கு வருகிறேன். வேலை செய்தால் வரும் களைப்பு, தூங்கி எழுந்தால் போய்விடும். இது போகாது. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தும் பல் துலக்கியதுமே உட்காரத் தோன்றும். சிகிச்சை முடிந்தவர்கள் சொல்லும் தொந்தரவுகளில் இதுதான் பரவலானது, வீட்டில் உள்ளவர்களுக்குப் புரியவைக்க மிகவும் கஷ்டமானதும் இதுதான். ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, பி12 நான்கையும் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால், அசதிக்கு இதுவரை நன்றாக நிரூபணமான மருந்து உடற்பயிற்சிதான். படுத்திருப்பவரை நடக்கச் சொல்வது கொடுமையாகத் தோன்றும், எனக்கும் தோன்றியிருக்கிறது. ஆனால் ஓய்வு கூடக்கூட அசதியும் கூடுகிறது. தெருமுனை வரை போய்த் திரும்பப் பத்து நிமிடம், அதில் இருந்து தொடங்குங்கள். வாரத்துக்கு மொத்தம் 150 நிமிட நடை என்ற இலக்கை நான்கைந்து மாதத்தில் எட்டினால் போதும்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். காலையில் எழும்போது விரல்களும் முழங்காலும் பிடித்துக்கொள்கின்றனவா? லெட்ரோசோல் சாப்பிடுபவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு மூட்டுவலி வருகிறது. அப்பா பார்க்கிற "படுத்தே கிடப்பது" அதனாலும் இருக்கலாம். வலி தாங்காமல் மாத்திரையை யாருக்கும் சொல்லாமல் நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. அதை மட்டும் செய்ய விடாதீர்கள். அதே வகையில் வேறு மாத்திரைக்கு மாற்றினால் சிலருக்கு வலி குறைகிறது, நடையும் பயிற்சியும் இதிலும் கைகொடுக்கின்றன. இந்த மாத்திரை எலும்பையும் தேய்க்கும் என்பதால், எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்தாயிற்றா என்று கேளுங்கள்.

மறதியைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போடுவது, பேசிக்கொண்டிருக்கும்போதே வார்த்தை நழுவிப்போவது என்று தொடங்கும். கீமோ முடிந்தவர்களிடம் இது சகஜம், பெரும்பாலோருக்கு மெல்லத் தெளிகிறது. தூக்கமின்மை, கவலை, தைராய்டு மூன்றும் இதை மோசமாக்கும். ஒரு நேரத்தில் ஒரு வேலை, போனில் அலாரம், சமையலறைச் சுவரில் ஒரு காலண்டர், இது போதும். "புத்தி மங்கிடுச்சு" என்று யாரும் அவர் காதுபடப் பேசாமல் இருந்தால் பெரிய உதவி.

பயத்துக்குத்தான் நேரம் கொடுத்துப் பேச வேண்டும்.

சிகிச்சை நடக்கும்போது பயப்பட நேரம் இருக்காது. 21 நாளுக்கு ஒரு கீமோ, நடுவில் ரத்தப் பரிசோதனை, வாந்தி, வாய்ப்புண், பஸ், காசு என்று ஓடிவிடும். வாரா வாரம் யாரோ ஒரு நர்ஸ் முகத்தைப் பார்த்து, "எப்படிம்மா இருக்கீங்க?" என்று கேட்பார். எல்லாம் முடிந்து, மூன்று மாதம் கழித்து வாங்க என்று அனுப்பிய பிறகுதான் மனம் கணக்குப் பார்க்கத் தொடங்குகிறது. நோயை எதிர்த்து இப்போது நாம் ஒன்றும் செய்யவில்லையே என்ற எண்ணம் வரும். தலைவலித்தால் மூளைக்குப் போய்விட்டதோ, முதுகு வலித்தால் எலும்புக்கு வந்துவிட்டதோ என்று தோன்றும். ஆஸ்பத்திரி பினாயில் வாசனை மூக்கில் பட்டாலே குமட்டுகிறது என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். சிவப்பு ரஸ்னாவைக் குடிக்க முடியவில்லை என்று அழுதவர் ஒருவர் உண்டு, மருந்தின் நிறம் அது. இதில் எதுவும் கோழைத்தனம் இல்லை. ஒருமுறை தேள் கொட்டிய இடத்தில் கை வைக்க உடம்பு தயங்குகிறது, அவ்வளவுதான்.

வலி வரும்போதெல்லாம் ஸ்கேனுக்கு ஓடவும் முடியாது, எல்லாவற்றையும் பிரமை என்று தள்ளவும் கூடாது. நாங்கள் சொல்லிக்கொடுக்கும் கணக்கு இது: புதிதாக வந்த தொந்தரவு இரண்டு வாரம் ஆகியும் போகவில்லை அல்லது நாளுக்கு நாள் கூடுகிறது என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். அதற்குள் போய்விட்டால் விட்டுவிடுங்கள். புதிய கட்டி, மூச்சுத்திணறல், வலிப்பு, கால் பலம் இழப்பது போன்றவற்றுக்கு இந்த இரண்டு வாரம் பொருந்தாது, உடனே போக வேண்டும். எதற்குப் பயப்பட வேண்டும், எப்போது என்று ஒரு எல்லை கிடைத்துவிட்டாலே பலருக்குப் பாதி பயம் இறங்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். செக்கப்புக்கு முந்தைய வாரம் அம்மா தனியாக இருக்க வேண்டாம். ஸ்கேன் எடுத்த அன்றும் ரிசல்ட் வாங்கும் அன்றும் நீங்கள் கூடவே போங்கள்.

பயம் செக்கப்போடு போகாமல் தினமும் தொடர்ந்தால், இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் விருப்பம் இல்லாமல் சாப்பாடும் தூக்கமும் கெட்டால், "நான் இருந்து என்ன" என்பது போன்ற பேச்சு வந்தால், அது மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கு மருந்தும் ஆலோசனையும் உண்டு. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் இதற்கென்றே தனித்துறை வைத்திருக்கிறார்கள். அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம், 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணில் தமிழிலேயே பேசலாம். மனநல டாக்டரிடம் புற்றுநோய் மாத்திரையின் பெயரைக் கட்டாயம் சொல்லுங்கள். லெட்ரோசோலுக்குப் பதில் டமாக்சிஃபென் என்ற இன்னொரு ஹார்மோன் சிகிச்சை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு பராக்செடின், ஃபுளுவாக்செடின் போன்ற சில மாத்திரைகள் ஒத்துவராது, டமாக்சிஃபென் வேலை செய்வதையே அவை குறைத்துவிடும்.

இப்போது அப்பா. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஒன்றரை வருடம் அவரும் பயந்திருப்பார். எல்லாம் முடிந்தது என்று அம்மா சொல்லி, அதைக் காதால் கேட்க வேண்டும் என்ற தவிப்பு அவருக்கு. ஆனால் "சரியாகிவிட்டதே" என்ற சொல் கேட்பவரை வாயடைத்துவிடும். அதற்குப் பிறகு அம்மா வலியைச் சொன்னால் அது குறை சொல்வதாகிவிடுகிறது. அதற்குப் பதில், "இன்னைக்கு எது முடியுது, எது முடியல?" என்று காலையில் ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். முடியாததை அன்றைக்கு அவர் எடுத்துச் செய்யட்டும். அடுத்த ரிவ்யூவுக்கு அப்பாவையும் உள்ளே அழைத்துப்போய், டாக்டர் வாயாலேயே இந்த அசதி உண்மை என்று கேட்கவைப்பது என் அனுபவத்தில் நன்றாக வேலை செய்திருக்கிறது.

தனித் தட்டு, தனித் தம்ளர், தனிப் படுக்கை என்று எதையாவது யாராவது தொடங்கியிருந்தால் இன்றே நிறுத்துங்கள். புற்றுநோய் தொற்றாது. வெளியே இருந்து கரண்ட் வைத்தவர் உடம்பில் கதிர் எதுவும் தங்காது. மகளுக்கு வரன் பார்க்கும் வீட்டில் அம்மாவின் நோயை மூடி மறைக்கச் சொல்வார்கள், நீங்களும் அந்த வயதில் இருக்கலாம். மறைத்துப் பேசும் ஒவ்வொரு தடவையும் தன் உடம்பால் மகளுக்குக் கெடுதல் என்று அந்த அம்மா நினைத்துக்கொள்கிறார். மார்பகப் புற்றுநோயில் பரம்பரை மரபணுவால் வருவது பத்தில் ஒன்று என்ற அளவில்தான். சந்தேகம் இருந்தால் மரபணு ஆலோசகரிடம் நீங்களே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

கணவன் மனைவிக்குள் உள்ள விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், யாரும் கேட்பதில்லை என்பதால். ஈஸ்ட்ரோஜன் இறங்கிப்போவதால் பிறப்புறுப்பு வறண்டு வலி எடுக்கும், உறவு நின்றுபோகும். கணவர் தன்னை வெறுக்கிறார் என்று மனைவியும், மனைவிக்கு வலிக்குமோ என்று கணவரும் ஒதுங்கிக்கொள்கிறார்கள். ஹார்மோன் இல்லாத ஈரப்பசைகள் இருக்கின்றன. மகளாக உங்களால் கேட்க முடியாது, அது சரிதான். பெண் டாக்டரிடமோ நர்ஸிடமோ அம்மாவைப் பத்து நிமிடம் தனியாக விட்டுவிட்டு நீங்கள் வெளியே வந்துவிடுங்கள்.

இதயத்தை மறக்க வேண்டாம். அந்தச் சிவப்பு மருந்து டாக்சோரூபிசின் அல்லது அதன் வகையறாவாக இருக்கும். மொத்த அளவு கூடக்கூட இதயத் தசையைப் பலவீனமாக்கும் ஆபத்தும் கூடும், அது வருடங்கள் கழித்தும் தெரியலாம். இடது பக்கம் கரண்ட் வைத்தவர் என்பதால் கூடுதல் கவனம் வேண்டும். மாடிப்படி ஏறும்போது முன்பு இல்லாத மூச்சிரைப்பு, படுத்தால் மூச்சுமுட்டுவது, கால் வீக்கம் இருந்தால் எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். பிரஷரைக் கட்டுக்குள் வையுங்கள்.

இதைப் படிக்கும் வேறு சிலர் வீட்டில் வாய், தொண்டைப் புற்றுநோய் முடிந்தவர்கள் இருப்பீர்கள். உங்களுக்கு இரண்டே சொல்கிறேன். கழுத்தில் கரண்ட் வைத்தவர்கள் 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை தைராய்டு பார்க்க வேண்டும். பல் பிடுங்குவதற்கு முன் பல் டாக்டரிடம் கரண்ட் வைத்ததைச் சொல்லியே ஆக வேண்டும், எத்தனை வருடம் ஆகியிருந்தாலும். கரண்ட் பட்ட தாடை எலும்பு ஆறாமல் அழுகிப்போவதை ஒருமுறை பார்த்தால் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று தெரியும்.

கடைசியாக, ரிவ்யூவுக்குப் போகும் முன் செய்ய வேண்டியது. ஓபியில் உங்களுக்குக் கிடைப்பது ஐந்து நிமிடம்தான். அதனால் ஒரு தாளில் மூன்றே மூன்று தொந்தரவுகளை, அதிகமாகப் படுத்துவதை முதலில் வைத்து, எப்போது தொடங்கியது, எந்த வேலையைத் தடுக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். "கால் மரத்துப்போகுது" என்பதை விட "ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியவில்லை, இரண்டு தடவை கீழே விழுந்தேன்" என்று சொன்னால் டாக்டர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். என்ன மருந்து, மொத்தம் எவ்வளவு, எந்தப் பக்கம் எவ்வளவு கரண்ட் என்ற விவரம் உள்ள சிகிச்சைச் சுருக்கத்தைக் கேட்டு வாங்கி ஜெராக்ஸ் போட்டு வையுங்கள், பத்து வருடம் கழித்து வேறு டாக்டருக்கு அது தேவைப்படும்.

இன்று சாயங்காலமே தையல் டேப் ஒன்றை எடுத்து அம்மாவின் இரண்டு கைகளையும் அளந்துவிடுங்கள். மணிக்கட்டில் ஒன்று, முழங்கையில் இருந்து 10 செ.மீ. கீழே ஒன்று, 10 செ.மீ. மேலே ஒன்று. இடது கை எங்காவது 2 செ.மீ. கூடுதலாக இருந்தால் இந்த வாரமே பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள். அளவு சமமாக இருந்தாலும் கனம் இருக்கிறதே, அதனால் காட்டத்தான் வேண்டும், ஓரிரு நாள் முன்னே பின்னே ஆகலாம், அவ்வளவுதான். தேதி போட்டு எழுதி வைத்து, மாதம் ஒருமுறை அளந்துவாருங்கள்.